வாழ்க்கைத் துணைக்கு ஏஃபிப் என்றால்: கூட இருப்பவருக்கு ஓர் எளிய விளக்கம்

ரிப்போர்ட்டில் "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" (சுருக்கமாக ஏஃபிப், இதயத் துடிப்பின் தாளம் தப்பும் நோய்) என்று எழுதிக் கொடுத்ததும் வீட்டில் இருப்பவர்கள் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் ஹார்ட் அட்டாக்கே வந்துவிட்ட மாதிரி பயந்து, மாடிப்படி ஏறக்கூட விடுவதில்லை. இன்னொரு சாரார் "படபடப்புதானே, எல்லாம் டென்ஷன், நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள். என் மனைவிக்கு இது இருப்பது தெரிந்த சமயத்தில் இரண்டு பேச்சையும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே கேட்டேன், சில நேரம் ஒரே ஆளிடமிருந்து.

இரண்டுமே தவறு, அதுவும் ஆபத்தான தவறு. இந்த நோயில் தொந்தரவு தெரிகிற இடம் ஒன்று, ஆபத்து ஒளிந்திருக்கிற இடம் வேறு. நெஞ்சில் அடித்துக்கொள்வது தெரியும், அதனால் எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஏஃபிப்பில் மிகப் பெரிய சேதம் நடக்கக்கூடிய இடம் மூளை. கூட இருப்பவருக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பதறத் தேவையில்லை, எதை ஒரு நாள்கூட விடக்கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

## துடிப்பு தாளம் தப்புவது எப்படி

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இருக்கும் இரண்டுக்கு ஏட்ரியம், கீழே இருக்கும் இரண்டுக்கு வெண்ட்ரிக்கிள் என்று பெயர். இனி மேலறை, கீழறை என்றே சொல்கிறேன். மேலறைகள் இதயத்துக்கு வரும் ரத்தத்தை வாங்கிக் கீழே தள்ளும். கீழறைகள்தான் அதை நுரையீரலுக்கும் உடம்பு முழுக்கவும் பம்ப் செய்பவை. பெரிய வேலை கீழறைகளுடையது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இப்போது ஒரு பெரிய அரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒருவர் கை தட்டுகிறார், அவரைப் பார்த்து அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் தட்டுகிறது. தட், தட், தட் என்று தாளம் சுத்தமாகக் கேட்கும். வாசலில் நிற்கும் காவலாளி ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு முறை கதவைத் திறந்து மூடுகிறார். எல்லாம் சீராகப் போகிறது. திடீரென்று முன்வரிசைக்காரரை யாரும் கவனிக்கவில்லை, ஆளாளுக்கு அவரவர் போக்கில் வேகமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சும்மா இல்லை, எல்லோரும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் தாளம் போய் வெறும் இரைச்சல்தான் மிச்சம். காவலாளி பாவம், எந்தத் தட்டலுக்குக் கதவைத் திறப்பது? முடிந்தவற்றுக்குத் திறக்கிறார், மற்றதை விட்டுவிடுகிறார். கதவு இப்போது வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் திறந்து மூடுகிறது.

உண்மையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அரங்கம்தான் மேலறைகள். முன்வரிசைக்காரர், வலது மேலறையில் இருக்கும் சைனஸ் நோடு என்ற சின்னத் திசு. ஓய்வில் இருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை அனுப்பும், மேலறைகள் ஒன்றாகச் சுருங்கும். ஏஃபிப் வரும்போது மேலறைகளில் பல இடங்களில் ஒரே நேரத்தில் மின்துடிப்புகள் கிளம்பி ஒன்றோடொன்று மோதிச் சுழல்கின்றன, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரைகூட. இந்த வேகத்தில் எந்தத் தசையும் ஒழுங்காகச் சுருங்க முடியாது, மேலறைகள் வெறுமனே நடுங்கும்.

காவலாளி என்றேனே, அது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஏ.வி. நோடு. மேலே கிளம்பும் நூற்றுக்கணக்கான துடிப்புகளில் பெரும்பாலானவற்றை அது தடுத்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் கீழறைகளும் அதே வேகத்தில் நடுங்கும், உயிரே போய்விடும். அதையும் தாண்டிக் கீழே வருபவை நிமிடத்துக்கு 100 முதல் 175 வரை இருக்கலாம், இடைவெளி ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இருக்காது. நாடியில் கை வைத்தால் தெரிவது இந்த ஒழுங்கின்மைதான்.

ஹார்ட் அட்டாக் என்பது முற்றிலும் வேறு கதை. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தத் தசை சாக ஆரம்பிப்பதுதான் ஹார்ட் அட்டாக். ஏஃபிப் மின்சாரக் கோளாறு. ஒரே ஆளுக்கு இரண்டும் வரலாம், ஆனால் ஒன்று இன்னொன்று அல்ல. "இதெல்லாம் இந்தக் காலத்து டென்ஷன் நோய்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: இ.சி.ஜி. கருவிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், இந்தத் தாளம் தப்பிய துடிப்பின் பதிவை 1906லேயே வெளியிட்டுவிட்டார்.

இதுவரை பார்த்தது: மேலறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. கீழறைகள் பம்ப் செய்துகொண்டே இருக்கின்றன, ஆனால் வேகமாக, ஒழுங்கில்லாமல்.

## எவ்வளவு படபடப்போ அவ்வளவு ஆபத்தா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். சிலருக்கு ஏஃபிப் வந்தால் நெஞ்சுக்குள் ஏதோ புரளுகிற மாதிரி இருக்கும், மூச்சு வாங்கும், தலை லேசாகும், உடம்பில் இருந்த தெம்பெல்லாம் வடிந்துவிட்ட மாதிரி ஒரு சோர்வு வரும். அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுபவர்களும் உண்டு. மேலறைகள் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரகத்தை அதிகம் வேலை வாங்குவதால் அப்படி. இன்னும் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த இ.சி.ஜி.யில் தற்செயலாகக் கண்டுபிடிப்பார்கள்.

ஒன்றும் தெரியாதவருக்கு ஆபத்து குறைவு என்று அர்த்தமில்லை. தானாக வந்து தானாகப் போவது, பெரும்பாலும் இரண்டு நாளுக்குள்ளும் அதிகம் போனால் ஏழு நாளுக்குள்ளும் அடங்குவது, ஒரு வகை. ஏழு நாளைத் தாண்டி நீடிப்பது இன்னொரு வகை. இனி தாளத்தைச் சரிசெய்ய முயல வேண்டாம் என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுத்துவிட்ட நிரந்தர வகையும் உண்டு. இதில் எந்த வகையாக இருந்தாலும், அடுத்து சொல்லப் போகிற ஆபத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். "இப்போதெல்லாம் வருவதே இல்லை, அப்புறம் எதற்கு மாத்திரை?" என்ற கேள்வி உங்கள் வீட்டிலும் ஒரு நாள் எழும். அதற்கான பதில் அடுத்த பகுதியில்.

## மூளைக்கு ஏன் ஆபத்து

ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்வரை உறையாது. தேங்கினால் உறையும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது அந்தப் பையும் பிழியப்பட்டு ரத்தம் வெளியேறிவிடும். மேலறை வெறுமனே நடுங்கினால் அங்கே ரத்தம் மந்தமாகித் தங்குகிறது, கட்டி பிடிக்க ஆரம்பிக்கிறது. வால்வு நோய் இல்லாத ஏஃபிப் நோயாளிகளின் இடது மேலறையில் கண்ட உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பைக்குள்தான் இருந்தன.

அப்படி உருவான கட்டி ஒரு நாள் கழன்றால் நேராகக் கீழறைக்குப் போய், அங்கிருந்து உடம்புக்குப் பம்ப் ஆகும் ரத்தத்தோடு கிளம்பிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சிக்கினால் அதுதான் பக்கவாதம், ஸ்ட்ரோக். ஏஃபிப் இருப்பவருக்கு, இல்லாதவரைவிடப் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு. அதோடு, ஏஃபிப்பால் வரும் பக்கவாதத்தில் கட்டி பெரிதாக இருப்பதால் பாதிப்பும் பெரும்பாலும் கடுமையாகவே இருக்கும்.

எல்லோருக்கும் அபாயம் ஒரே அளவில் இல்லை. வயது, பிரஷர், சுகர், இதயச் செயலிழப்பு, ஏற்கெனவே வந்த பக்கவாதம், ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டித்தான் டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள். 75 வயது நிறைந்திருந்தாலோ முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ இரண்டிரண்டு புள்ளிகள், மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனித்தீர்களா? எத்தனை தடவை படபடப்பு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு இதில் புள்ளியே கிடையாது. படபடப்பு அடங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

## தினமும் போட வேண்டிய மாத்திரை

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை எல்லோரும் ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை என்கிறார்கள். ரத்தம் ஒன்றும் தண்ணீர் மாதிரி ஆகிவிடாது, உறைவதற்கு எடுக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். சரியாகச் சாப்பிட்டால் ஏஃபிப்பால் வரும் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கக்கூடிய மருந்து இது. இந்த நோய்க்கு இருக்கும் வைத்தியங்களிலேயே உயிரையும் கை கால் பேச்சையும் காப்பாற்றுவதில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் சாப்பிடுவதால் உடம்பில் எந்த நல்ல மாற்றமும் தெரியாது. அதனாலேயே முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

இதில் இரண்டு வகை. பழைய வகை வார்ஃபரின். எவ்வளவு போட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுத்து அளவை மாற்றுவார்கள். அந்த எண் பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவே இருக்க வேண்டும். கீரை வகைகளில் இருக்கும் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே ஒதுக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும். புது வகையில் டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் என்று நான்கு. இவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, உணவுக் கட்டுப்பாடும் குறைவு. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான். "அவருக்குப் புது மாத்திரை கொடுத்தார்களே, நமக்கு ஏன் பழசு?" என்று பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டாம்.

புது மாத்திரைகளில் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது நேரம். இவற்றின் பலன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும், வார்ஃபரின் மாதிரி நாள்கணக்கில் உடம்பில் தங்காது. ஒரு நாள் விட்டால் அந்த நாள் பாதுகாப்பு இல்லாத நாள். டபிகாட்ரானும் அபிக்சபானும் நாளைக்கு இரண்டு வேளை, ரிவரோக்சபானும் எடோக்சபானும் ஒரு வேளை. இரண்டு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளும், ஒரு வேளை மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்பது பொதுவான வழிகாட்டல். அதைத் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போக வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது. ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக ஏறாது. டபிகாட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக்கூடாது. ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதன் சொந்த அட்டையிலேயே இருக்க வேண்டும், கிழமைவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் அட்டையின் பின்பக்கம் பேனாவால் கிழமை எழுதி வைக்கிறோம். திங்கள் இரவு என்று எழுதிய குழி காலியாக இருந்தால் போட்டாயிற்று, "போட்டாயா இல்லையா" என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்பவருக்கும் சங்கடமில்லை, கேட்கப்படுபவருக்கும் எரிச்சலில்லை. சின்ன விஷயம்தான், எங்களுக்குள் பல சண்டைகளை மிச்சப்படுத்தியது.

ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது. ஏஃபிப் பக்கவாதத்தைத் தடுப்பதில் அது மிகவும் பலவீனம், ரத்தக்கசிவு அபாயம் மட்டும் ஒன்றும் குறைவதில்லை. மூட்டுவலி, தலைவலி என்று கடையில் வாங்கிப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் அபாயம் கூடும். வலிக்கு எது போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பாராசிட்டமால் என்றுதான் சொல்வார்கள். மூலிகை மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகும்போது, "ரத்தம் நிற்காது, நாமே நாலு நாள் நிறுத்திவிடலாம்" என்று வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. நிறுத்த வேண்டுமா, எத்தனை வேளை, மறுபடி எப்போது என்பதை மருந்து எழுதியவரே சொல்ல வேண்டும்.

மறுபடி ஒரு முறை: படபடப்பு என்பது தொந்தரவு, உறைகட்டி என்பது ஆபத்து. இந்த மாத்திரை தொந்தரவைக் குறைக்காது, ஆபத்தைக் குறைக்கும்.

## மற்ற வைத்தியங்கள்

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தாளம் தப்பியே இருக்கட்டும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவோம் என்பது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்ற மருந்துகள் நம் காவலாளியை, அதாவது ஏ.வி. நோடை, இன்னும் கண்டிப்பாக்குகின்றன. கீழறைக்கு வரும் துடிப்பு குறைகிறது. பலருக்கு ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே போதும் என்கிறார்கள். உங்கள் துணைக்கு எந்த எண் இலக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் 80ஐத் தாண்டினாலே பதறுபவர்கள் நிறைய. இந்த மருந்துகளில் சில சோர்வையும் கை கால் குளிர்ச்சியையும் தரும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு வழி தாளத்தையே திருப்பிக் கொண்டுவருவது. அமியோடரோன், ஃப்ளெக்கனைடு போன்ற மருந்துகள், லேசாக மயக்கம் கொடுத்து மின்அதிர்ச்சியால் துடிப்பைச் சீராக்கும் கார்டியோவெர்ஷன், அப்புறம் அப்ளேஷன். பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் அய்ஸகேரும் அவர் குழுவினரும் 1998ல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். ஏஃபிப்பைக் கிளப்பிவிடும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களின் வாய்ப்பகுதியிலிருந்து வருகின்றன. தொடை வழியாகக் குழாய் செலுத்தி அந்தப் பகுதியைச் சுற்றிச் சுட்டோ குளிரால் உறையவைத்தோ தழும்பு உண்டாக்கி, மின்பொறி மேலறைக்குள் வராமல் தடுப்பதுதான் அப்ளேஷன்.

கூட இருப்பவர் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. அப்ளேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் படபடப்பு திரும்ப வருவது சகஜம். தழும்பு ஆறிக்கொண்டிருக்கும் காலம் அது, "பணமும் போச்சு, பலனும் இல்லை" என்று அந்த நேரத்தில் பேசுவது நோயாளியை உடைத்துவிடும். அடுத்தது, தாளம் சரியாகிவிட்டாலும் பக்கவாத மதிப்பெண் அதிகமாக இருந்தால் உறைவுத் தடுப்பு மாத்திரை தொடரும். கார்டியோவெர்ஷனுக்கும் பொதுவாக முன்னால் மூன்று வாரம், பின்னால் குறைந்தது நான்கு வாரம் அந்த மாத்திரை தவறாமல் போயிருக்க வேண்டும். இடையில் ஒரு வேளை விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கட்டி இருக்கும்போது தாளம் திரும்பினால் அது கழன்றுவிடலாம்.

## ராத்திரி எழுப்பி "ஆரம்பிச்சிடுச்சு" என்றால்

என் மனைவிக்குப் பெரும்பாலும் இரவில்தான் வரும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவார், நான் மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைப்பேன். இரண்டு துடிப்பு ஓடிவரும், ஒரு நீண்ட இடைவெளி, ஒன்று பலமாக, அடுத்தது விரலுக்கே எட்டாத அளவு மெலிதாக, பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக. அடுத்தது எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது.

ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் கணக்கு ஒழுங்கான துடிப்புக்குத்தான் சரிவரும். பிரஷர் மெஷினும் ஏஃபிப்பின்போது ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று காட்டும், மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச் ஏஃபிப் என்று சொன்னால் அது சந்தேகம்தான், நோயை உறுதிப்படுத்த இ.சி.ஜி. பதிவு வேண்டும். விரலால் தொட்டு இ.சி.ஜி. எடுக்கும் வசதி அதில் இருந்தால் அந்தப் பதிவைச் சேமித்து டாக்டரிடம் காட்டலாம்.

வழக்கமாக வருவது மாதிரியே இருந்து, பேச முடிகிறது, மூச்சு சிரமமில்லை, நெஞ்சுவலி இல்லை என்றால் ஓடத் தேவையில்லை. உட்காரவைத்து, இந்த நேரத்துக்கென்று டாக்டர் மாத்திரை ஏதும் கொடுத்திருந்தால் அதைக் கொடுத்து, ஆரம்பித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். நிறையப் பேச வேண்டாம், "நான் இருக்கிறேன்" என்பது போதும். நம் பதற்றம் அவருக்குத் தொற்றினால் துடிப்பு இன்னும் ஏறும்.

## எப்போது ஓட வேண்டும்

நெஞ்சை அழுத்தும் வலி, பேசவே முடியாத மூச்சுத்திணறல், மயங்கி விழுவது, டாக்டர் சொன்ன எல்லையைத் தாண்டி வெகுநேரம் இறங்காத துடிப்பு. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

படபடப்பு இருக்கிறதோ இல்லையோ, பக்கவாத அறிகுறியை மட்டும் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா அல்லது சொல்வது புரியவில்லையா, திடீரென்று பார்வை போனதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும், அது அடுத்து வரப்போகும் பெரிய பக்கவாதத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள், ஆஸ்பிரினும் கூடாது. மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

அங்கே உங்களிடம் இரண்டு நேரத்தைக் கேட்பார்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கடைசியாக எப்போது போட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதைப் போடலாமா என்பதையும் இந்த இரண்டு பதில்களே பெரிதும் தீர்மானிக்கும். பேச முடியாமல் படுத்திருப்பவரால் இதைச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரத்தக்கசிவு பக்கத்தையும் தெரிந்துவையுங்கள். தார் மாதிரி கறுத்த மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம் ஆகியவற்றுக்கு உடனே காட்ட வேண்டும். தலையில் அடிபட்டால் அவர் எழுந்து நடந்து "ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள், உள்ளே மெதுவாகக் கசிந்து பல மணி நேரம் கழித்துத் தெரியவரலாம். காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டால் அப்படி ஓட வேண்டாம், கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

## பக்கத்தில் படுப்பவருக்கு மட்டுமே தெரிவது

தூக்கத்தில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று ஒரு மௌனம், பிறகு திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு என்று இருந்தால் அது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோய். ஆக்சிஜன் திரும்பத் திரும்பக் குறைவதும் நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுவதும் மேலறைகளை இழுத்துப் பாதிக்கின்றன. ஏஃபிப்போடு இது மிகவும் சேர்ந்து காணப்படுகிறது. மருந்தெல்லாம் சரியாக எடுத்தும் ஏஃபிப் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய விஷயம். போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள், அவருக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

எடை, பிரஷர், மது ஆகிய மூன்றும் துணையோடு சேர்ந்து மாற்றினால்தான் மாறும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடை கூடிய ஏஃபிப் நோயாளிகளில் உடல் எடையைப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள், அந்த அளவு குறைக்காதவர்களைவிட ஆறு மடங்கு வாய்ப்போடு ஏஃபிப் இல்லாமல் இருந்தார்கள். 2020ல் வெளிவந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கமாகக் குடித்துவந்தவர்கள் மதுவை விட்டதும் ஏஃபிப் திரும்புவது குறைந்தது. நடைப்பயிற்சியைத் தடுக்காதீர்கள். பயந்து படுக்கவைப்பதால் இதயம் பலம் பெறாது. தாம்பத்தியமும் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதே. இதைக் கேட்கக் கூச்சப்பட்டே எத்தனையோ தம்பதிகள் தள்ளித் தள்ளிப் படுக்கிறார்கள், டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.

## கண்காணிப்பு எவ்வளவு வரை

கூட இருப்பவருக்கும் பயம் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. ராத்திரி அவர் புரண்டு படுத்தாலே விழிப்பு வருவது, பேசும்போதே மணிக்கட்டைப் பிடிப்பது, "இப்போ எப்படி இருக்கு" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பது எல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் நோயாளிக்கு அது ஒவ்வொரு தடவையும் நோயை நினைவூட்டுகிறது. எனக்கு உதவியது ஓர் ஒப்பந்தம். நாடி பார்ப்பது காலையில் ஒரு முறை, மற்றபடி அவர் கேட்டால் மட்டும். வாட்சின் அறிவிப்புகள் என் போனுக்கு வராது. மற்ற நேரத்தில் அவர் சொல்வதை நம்புகிறேன். அவருடைய சோர்வு மட்டுமில்லாமல் எரிச்சலும் தனிமையும் வாரக்கணக்கில் நீண்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏஃபிப் நோயாளிகளிடம் மனச்சோர்வு அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கே தூக்கம் போய்விட்டால் உங்களுக்கும் உதவி தேவை.

## டாக்டரிடம் போகும்போது

கூடவே உள்ளே போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, அதற்கு முன் காய்ச்சலோ மதுவோ தூக்கமின்மையோ இருந்ததா என்று ஒரு நோட்டில் இருந்தால் ஐந்து நிமிடச் சந்திப்பிலும் நிறைய நடக்கும். எல்லா மாத்திரை அட்டைகளையும் அப்படியே எடுத்துப் போங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். புது வகை உறைவுத் தடுப்பு மாத்திரை என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது, வயது கூடினால் இன்னும் அடிக்கடி, சிறுநீரகப் பரிசோதனை எடுத்தார்களா என்று நினைவூட்டுங்கள். அந்த மருந்துகள் கூடியோ குறைந்தோ சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன, சிறுநீரகத்தின் செயல்பாடும் வயதும் எடையும் மாறினால் மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும். அமியோடரோன் சாப்பிடுகிறார் என்றால் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளையும் கேளுங்கள். வெளியே வருவதற்கு முன் அடுத்த சீட்டு வரைக்கும் மாத்திரை போதுமா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள், பயணம் போகிறீர்கள் என்றால் நாலைந்து நாளுக்குக் கூடுதலாக வாங்கி, பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.